தாராபுரத்து வண்டியும் நீ நிறுத்தச் சொன்ன இடமும்

புள்ள,

இன்றைக்குக் காலையில் ஆதார் நகல் எடுக்கலாம் என்று கருமத்தம்பட்டிக்கு வந்தேன். கடைக்கு முன்னால் யாரோ ஒரு காரை நிறுத்தி பானெட்டைத் தூக்கி வைத்திருந்தார்கள். அடியில் பச்சைத் தண்ணி சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாடை உனக்குத் தெரியும். வெல்லப்பாகு அடிபிடிக்கிற மாதிரி ஒரு இனிப்பு, அதற்குள் ஒரு இரும்புச் சூடு. முதல் தடவை அது நம் வண்டியில் வந்தபோது, "யாரோ பக்கத்துல கச்சாயம் சுடறாங்க போல" என்றாய் நீ.

 கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அம்மணி பயந்துபோய், "என்னுங்கய்யா, கிறுகிறுன்னு வருதுங்களா?" என்று கேட்டது.

"இல்ல அம்மணி. ஒரு கடுதாசி எழுதோணும்."

"மனுவுங்களா?"

"என் ஊட்டுக்காரிக்கு."

"அவங்க எந்த ஊர்ல இருக்காங்க?"

நான் கையை மேலே காட்டினேன். அதற்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் எழுத்துப் பலகையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, தட்டிக்கிட்டே வாரேன். பேச்சைச் சித்தச் சீர் பண்ணிப் போட்டுக்கறேன்" என்றது. சத்தியமங்கலத்துப் பக்கத்துப் பெண். நமக்கும் சொந்தம் இல்லை, நம் மகளைக் கட்டிக் கொடுத்த தாராபுரத்துக்காரர்களுக்கும் சொந்தம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. நீ மட்டும் என்ன, பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவள்தானே. இரண்டு பேருக்கும் தெரியாத எழுத்தில் உனக்கு ஒரு கடுதாசி. படிக்க முடியாவிட்டால் விட்டுவிடு, வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேட்டுக்கொள்.

அந்த வண்டி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ரத்தம் சுத்தம் பண்ண ஆரம்பித்து ஆறேழு மாசம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர். நீ அதை ஆஸ்பத்திரி என்றே சொல்ல மாட்டாய். "சலவைக்குப் போய்ட்டு வாரேன்" என்றுதான் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாய். போகும்போது தெம்பாகப் போவாய். திரும்பும்போது துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருப்பாய். பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாய். நீலாம்பூர் கிட்ட ஒரு நாள் அப்படியே என் மேல் சரிந்தாய். கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பிரகாசு, "ஒரு பழைய வண்டியாவது வாங்கிப்போடலாங்கப்பா" என்று ஆரம்பித்தான். லேத்துப் பட்டறை சம்பளத்தில் புது வண்டியைப் பற்றி அவன் நினைக்கவே முடியாது.

இது தாராபுரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கவே வேண்டாம். பிரகாசு தங்கச்சி கவிதாவிடம் போனில் சொல்லியிருப்பான், அவள் மாமனாரிடம் சொல்லியிருப்பாள். அந்த வாரமே சம்மந்தி கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, நாங்க ஒருத்தர் இருக்கறது உங்களுக்கு மறந்துபோச்சுங்களா? நான் புது வண்டி எடுத்துப்போட்டேன். பழசு சும்மா களத்துல நிக்குது. தங்கச்சிக்கு இல்லாததா? யாரோ ஒருத்தன்கிட்டப் போய் ஏமாறாதீங்க."

காசு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர்கள் சீர் செய்வார்களே தவிர, சீர் வாங்க மாட்டார்கள் என்றாய். என்னையும் பிரகாசையும் அனுப்பி, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாய். அவர் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர் நினைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். சந்தை விலையில் பாதிகூட இருக்காது. அது விலையும் இல்லை, தானமும் இல்லை. அங்கேதான் நம் வாய் அடைபட்டது என்று இப்போது படுகிறது.

வெள்ளை வண்டி. உள்ளே ஒரு கிழிசல் இல்லை. சீட்டுக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் எடுக்கவில்லை. களத்துக் கொப்பரைத் தேங்காய் வாசம் லேசாக அடித்தது. நீ பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாய். "நம்ம ஊட்டு ரூமை விட இது பெருசா இருக்குங்க" என்றாய்.

முதல் இரண்டு நடை ஒன்றும் இல்லை. மூன்றாவது நடை, சின்னியம்பாளையத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் ஏற ஆரம்பித்தது. பிரகாசு என்னிடம் காட்டினான். எனக்கு என்ன தெரியும், தறி சூடானால் கையை வைத்துப் பார்க்கிறவன். அப்புறம் அந்த இனிப்பு வாடை. அப்புறம் புகை. நீ சொன்ன கச்சாயம் அதுதான். ரோட்டோரம் நிறுத்திவிட்டு உன்னை ஆட்டோவில் ஏற்றி நான் கூட வந்தேன். பிரகாசு வண்டியோடு நின்றான்.

மெக்கானிக் செல்வராசு ரேடியேட்டரில் அடைப்பு என்றான். சுத்தம் செய்தான். ஒரு வாரம் ஓடியது, திரும்ப வந்தது. விசிறி சுற்றவில்லை என்றான். விசிறி மாற்றினான். பத்து நாள் ஓடியது, திரும்ப வந்தது. பிரகாசு சூலூரில் இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர், "யாருங்க இந்த ஓஸ் குழாயைப் போட்டது? இப்படிப் போட்டா மாட்டுவண்டிகூட ஓடாது" என்று செல்வராசுவைத் திட்டிவிட்டு வேறு என்னத்தையோ மாற்றினார். செல்வராசுவிடம் திரும்பி வந்தபோது அவன் அவரைத் திட்டினான். கடைசியில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் வந்து நின்றார்கள். இன்ஜின் தலையைக் கழற்ற வேண்டும், உள்ளே எங்கேயோ விரிசல் இருக்கிறது, அதுவும் கழற்றிப் பார்த்தால்தான் நிச்சயம். "கழட்டுனா ரெண்டு மாசம் வண்டி கெடைக்காதுங்க, அப்பறமும் சரியாகும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றான் செல்வராசு. "மெதுவா ஓட்டுங்க. சூடானா நிறுத்துங்க. ஆறுனதும் தண்ணி ஊத்துங்க. அவ்வளவுதான் வைத்தியம்."

டிக்கியில் எப்போதும் தண்ணிப் பாட்டில்கள் கிடக்கும். உனக்கு டாக்டர் தண்ணியை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார். நாக்கு வறண்டு போய் நீ ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் அந்த வண்டியின் வாயில் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவேன். ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாய்: "நல்லா ஊத்துங்க. எனக்குத்தான் ஆகாது, அதுவாச்சும் குடிக்கட்டும்."

பிரகாசுக்கு ஆத்திரம். "மாமாகிட்டச் சொல்லிப்போடறேன். அவரே எடுத்துக்கட்டும். இல்லாட்டி அவரே ரிப்பேர் பண்ணிக் குடுக்கட்டும்" என்றான். நீ அவனை உட்கார வைத்து அந்தக் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னாய். கவிதா சிரிப்பாக உன்னிடம் சொன்ன கதை. சம்மந்தி அவருக்கு மச்சான் முறையாகிற ஒருவருக்கு ஒரு கிடாரிக் கன்று விற்றார். அது வளர்ந்து ஈன்ற பிறகு பால் சரியாகக் கறக்கவில்லை. அந்த மச்சான் ஒரு விசேஷத்தில் வைத்து மெதுவாக, மரியாதையாகத்தான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். சம்மந்தி மறுநாள் விடிவதற்குள் பணத்தோடு ஆள் அனுப்பி மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. அதற்கப்புறம் அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை. அந்த மச்சானின் மகளும் அதே வீட்டில்தான், சம்மந்தியின் அண்ணன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளைப் பெற்றவன் வராத வீட்டில் அவள் இன்றைக்கும் இருக்கிறாள்.

"கவிதாவுக்கு அது வேண்டாம்" என்றாய். "அந்த ஊட்டுல அவளை இப்பத்தான் எதுத்தாப்ல ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்க. என் சீக்குக்காக அதைத் தட்டிப்போட மாட்டேன். சம்மந்தி ஊட்டுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது. கவிதாவுக்கும் போகக்கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா மூஞ்சில வெச்சுக்கிட்டு ஒளிக்கத் தெரியாது."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு போனில் அவர், "வண்டி எப்படிங்க ஓடுது?" என்று கேட்கும்போதெல்லாம், "அருமையா ஓடுதுங்க" என்று நான் சொல்லுவேன். நீ எனக்கு எதிரில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் காட்டுவாய், இன்னும் சொல்லு என்று. "மைசூர்ப்பாகாட்ட ஓடுதுங்க" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். போனை வைத்ததும், "மைசூர்ப்பாகு எங்கீங்க ஓடுது?" என்று கேட்டுச் சிரித்தாய். வெகுநாள் கழித்து நீ சிரித்த சிரிப்பு அது.

அப்புறம் அவரும் அவருடைய வீட்டம்மாவும் உன்னைப் பார்க்க வந்தார்கள். செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தே வந்தார்கள். புது வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டு, "நம்ம பழைய வண்டிலயே ஒட்டுக்கா போலாங்க. அதுல ஏறி எத்தனை நாளாச்சு" என்றார். பிரகாசின் முகத்தில் ரத்தம் இல்லை. முன்னால் அவர், பின்னால் நீயும் நானும் அந்த அம்மாவும். நீலாம்பூர் தாண்டுவதற்குள் முள் ஏறிவிட்டது. பிரகாசின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். அவன் கண்ணாடியில் உன்னைப் பார்த்தான். நீ உடனே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாய்.

"கண்ணு, சித்த ஓரங்கட்டு சாமி. எனக்கு ஒரு மாதிரியா வருது."

அவன் ஓரங்கட்டினான். நீ அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நங்கையா, அந்த வேப்பமரம் முட்டும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாய். சம்மந்தி பதறிப்போய் எதிர்ப்பக்கம் ஓடி இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். தேங்காய்க்காரர், அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான். உன் சீக்குக்கு இளநீர் விஷம். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர் வேண்டாம்னுட்டாருங்கண்ணா, நீங்க குடிங்க" என்று நீ சொல்ல, நீ குடிக்காமல் நான் எப்படிக் குடிப்பது என்று அவர் சொல்ல, அந்த மரியாதையிலேயே நேரம் ஓடியது. இங்கே நானும் பிரகாசும் பானெட்டுக்குப் பின்னால் ஈரத்துணியைப் போட்டுச் சூட்டை ஆற்றித் தண்ணி ஊற்றி மூடிவிட்டோம். சம்மந்தி திரும்பி வந்து, "வண்டிக்கு என்ன தம்பி?" என்றார். "சும்மா தண்ணி பாத்தேனுங்க மாமா" என்றான். "அப்படித்தான் இருக்கோணும். வண்டியைப் புள்ளையாட்டப் பாத்துக்கறான்" என்று என்னிடம் சந்தோஷப்பட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கவிதா வந்து உன்னோடு ஏறுகிற நாளெல்லாம் இப்படித்தான். பிரகாசு கண்ணாடியில் பார்ப்பான். நீ வாயைப் பொத்துவாய். வண்டி நிற்கும். நீ கவிதாவைப் பிடித்து வைத்துக்கொள்வாய், நாங்கள் இறங்கி முன்பக்கம் போவோம். நான் உன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது நமக்குள் ஏற்பாடு. பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று நீ கண்டித்துச் சொல்லியிருந்தாய். "நீங்க பாட்டுக்கு வண்டியப் பாருங்க, என்ற பக்கம் திரும்பவே திரும்பாதீங்க." கவிதா பாவம், அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பி, ஒவ்வொரு தடவையும் தாராபுரத்திலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து மோந்து பார்க்கக் கொடுப்பாள்.

நாம் தனியாகப் போகிற நாளில் அந்த வண்டியை எடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டோம். பிரகாசின் கூட்டாளியுடைய வண்டியில் போய்வந்தோம். தாராபுரத்திலிருந்து ஆள் வந்தால்தான் அது வெளியே வரும். கழுவி, துடைத்து, பொட்டு வைத்து. நம் வீட்டில் வேறு எதற்கும் அந்த மரியாதை நடந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லுகிறேன். நீ அதில் பாதிதான் பார்த்தாய்.

முந்தின நாள் கவிதாவும் அவள் மாமியாரும் பஸ்ஸில் வந்தார்கள். ராத்திரி தங்கினார்கள். உனக்கு இரண்டு நாளாகவே கால் வீக்கம். படுத்தால் மூச்சு இழுத்தது. அந்த அம்மாவுக்கு எதிரில் படுக்கக்கூடாது என்று நீ உட்கார்ந்தே இருந்தாய். காலையில் கிளம்பும்போது உன் இடது கையில் ஊசி போடுகிற இடத்தை எப்பவும்போல் என்னைத் தொடச் சொன்னாய். தோலுக்கு அடியில் குறுகுறுவென்று ஓடுகிற ரத்தம். "தறி ஓடுதா பாருங்க" என்பாய். ஓடியது. அன்றைக்கும் ஓடியது.

பிரகாசு ஓட்டினான். நான் முன்னால். நீ நடுவில், கவிதா ஒரு பக்கம், அந்த அம்மா ஒரு பக்கம். அந்த அம்மா தங்கள் களத்தில் அந்த வருஷம் மழையில் கொப்பரை பூஞ்சை பூத்துப் போனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நீ "ம்" கொட்டிக்கொண்டு வந்தாய். நீலாம்பூர் தாண்டியது. கொஞ்ச தூரம் போனதும் உன் "ம்" நின்றது. அப்புறம்,

"கண்ணு, நிறுத்து. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாய்.

பிரகாசு கண்ணாடியில் உன்னைப் பார்த்திருக்கவில்லை. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நீயே வாடையை முந்திப் பிடித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டோம், நாங்கள் இரண்டு பேரும். அவன் ஓரங்கட்டினான். நான் பின்பக்கம் திரும்பவில்லை. கதவைத் திறந்து இறங்கி நேராக டிக்கிக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தேன். அவன் பானெட்டைத் தூக்கிக் கம்பி போட்டு நிறுத்தினான். தூக்கின பானெட்டு உன்னை எங்களிடமிருந்து மறைத்தது. அதற்குத்தானே தூக்குவது. நான் துணியை நனைத்தேன். வழக்கம்போல் அவசரம் இல்லாமல்தான் செய்தோம். நீ உன் பங்கைச் செய்ய நேரம் கொடுக்க வேண்டும் அல்லவா.

பிரகாசு ரேடியேட்டர் மூடியின் மேல் துணியை வைத்தான். கையை எடுத்தான். திரும்ப வைத்தான்.

"அப்பா" என்றான். "சூடே இல்லீங்கப்பா."

நானும் தொட்டுப் பார்த்தேன். ஓடின வண்டிக்கு இருக்கிற வெதுவெதுப்புதான், வேறொன்றும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் கவிதா உள்ளேயிருந்து, "ஐயோ, அப்பா, இங்க வாங்கப்பா" என்று கத்தினாள். அவள் அதற்கு முன்னாலும் கூப்பிட்டிருக்கிறாள். கேட்டது. அதுவும் வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

அதற்கப்புறம் அந்த வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முள் அசையவே இல்லை. பீளமேடு நெரிசலில் பிரகாசு ஆரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். வாங்கின நாளில் இருந்து அது அவ்வளவு நன்றாக ஓடினதே கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் உன்னைத் தள்ளுவண்டியில் மாற்றும்போது நான் உன் இடது கையைப் பிடித்தேன். தறி நின்றிருந்தது.

பெரிய டாக்டர் இதயம் என்றார், ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்றார். முன்னாடி வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பார். எதைச் சொன்னாலும் என்னால் வாங்கிக்கொள்ள முடிந்திருக்காது.

கேட்டது கவிதாதான். அங்கேயே, அந்த வராந்தாவிலேயே, எல்லாருக்கும் எதிரில்.

"அம்மா நிறுத்தச் சொல்லுச்சு. நீங்க ரெண்டு பேரும் எறங்கி வண்டியத் தொறந்து பாத்தீங்க. அம்மாவ ஏம்ப்பா பாக்கல?"

பிரகாசு வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

உன் கருமாதி அன்றைக்குச் சம்மந்தியுடைய டிரைவர், பிரகாசைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போய், "வண்டி சூடாகுதுங்களா தம்பி? நான் தினமும் காலைல தண்ணி ஊத்தித்தாங்க எடுப்பேன். ஐயாகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லைங்க. சொன்னா வெசனப்படுவாரு" என்றானாம். ஆக அவருக்கும் தெரியாது. அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்குப் பந்தலில் கவிதா யாரிடமோ, "எங்கப்பனுக்கு வண்டிதான் பெருசு" என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் எழுந்து வந்து அவளிடம், "அப்படிப் பேசாத அம்மணி. நல்ல வண்டி அது. உங்கப்பாவுக்கு அதுமேல ஒரு பிரியம். நம்ம ஊட்டுப் பொருள்னு மரியாதையா வெச்சிருக்காரு" என்று எனக்காகப் பேசினார். அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன்.

வண்டி இப்போது தார்ப்பாய் போட்டு மூடி நிற்கிறது. விற்கவும் முடியவில்லை. விற்றால், ஏன் விற்றீர்கள் என்று தாராபுரத்தில் கேட்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்தாள். நீ போய் வருசம் திரும்பப் போகிறது, படத்துக்கு மாலை போட வேண்டும் என்று வந்தாள். நன்றாக இருக்கிறாள். அதை உனக்குச் சொல்ல வேண்டும். களத்து வரவு செலவெல்லாம் இப்போது அவளிடம்தான் கொடுத்திருக்கிறாராம் மாமனார். காலையில் ஆள்கள் வந்தால் அவளைக் கேட்டுத்தான் வேலை. இடுப்பில் சாவி தொங்குகிறது. மாமியார் அவளைக் கேட்காமல் ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. நீ ஆசைப்பட்ட நாற்காலியில் அவள் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் குளிக்கப் போன நேரம் பிரகாசு என்னிடம் வந்தான். "சொல்லிப்போடலாங்கப்பா. என்கிட்ட ஒரு வருசமாச் சரியாப் பேச மாட்டேங்கறா. அவளுக்கு நாம கடைசி முட்டும் இப்படியே இருக்கோணுமா?" என்று கண் கலங்கினான். அவனும் உன் பிள்ளைதானே. நான் வேண்டாம் என்றேன்.

"எதுக்குங்கப்பா வேண்டாம்? அவ நல்லாத்தான இருக்கறா. இனி என்ன ஆயிரும்?"

"நல்லா இருக்கறதாலதான் கண்ணு."

சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. அவளுக்கு முகத்தில் ஒளிக்கத் தெரியாது, நீயே சொன்னது. இங்கிருந்து போய் அந்த மாமனாருக்குக் காப்பி கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் கேட்பார். அவள் சொல்வாள். அப்புறம் அந்த மனுஷன் தன் வண்டியால் தங்கச்சி போய்விட்டாள் என்று எடுத்துக்கொள்வார், அவர் அப்படிப்பட்டவர்தான். நம் வாசலுக்கு வர அவருக்கு முகம் இருக்காது. கவிதா நடுவில் நிற்பாள். அது மட்டும் இல்லை. அவளைப் பெற்றவள் அவளுக்காகவே ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்தினாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். எலுமிச்சம்பழம் கொண்டுவந்த பிள்ளை அது. அதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? என் மேல் கோபமாக இருப்பது அவளுக்கு அதைவிடச் சுலபம்.

மத்தியானம் இலை போட்டிருந்தது. பிரகாசு கடைக்குப் போயிருந்தான். அவள் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவதற்கு வந்தவள் மாதிரி இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாள் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. இன்னைக்கு மட்டும் சொல்லிப்போடுங்க. நான் மனசை ஆத்திக்கறேன்."

"கேளு அம்மணி."

"அம்மா ஒரு மாதிரியா இருக்குன்னுச்சு. அது உங்க காதுல விழுந்துச்சுங்களா இல்லீங்களா?"

"விழுந்துச்சு."

"விழுந்துமா வண்டியப் பாத்தீங்க?"

கேட்கும்போது அவள் கண் உன் கண். இல்லை என்று சொல்ல ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று அவளே தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு சாக்குச் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். ஆனால் ஒரு சாக்குச் சொன்னால் அதற்கு அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வியும் வரும். நம் பிள்ளை கெட்டிக்காரி. கடைசியில் தாராபுரத்து வாசலில் போய்த்தான் நிற்கும்.

"ஆமாம் அம்மணி" என்றேன். "வண்டி கெட்டுப்போயிரும்னு பயந்துபோட்டேன்."

 அவள் எழுந்து இலையை மடித்தாள். அவள் இலை, ஒரு பருக்கை தொடாத இலை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நம் வீட்டில் பிறந்ததிலிருந்து படி இறங்கும்போது "வாரேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போவாள், சண்டை போட்ட நாளில்கூட. அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், "போறேன்" என்றாள்.

இந்தக் கடை அம்மணி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறது. அழாதே அம்மணி, தட்டு, இன்னும் கொஞ்சம்தான் என்கிறேன்.

சம்மந்தி நேற்றுக்கூடப் போன் பண்ணினார். கவிதா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், களத்துக்குப் போய்விட்டாளாம். அப்புறம் வழக்கம்போல் கேட்டார், வண்டி எப்படி இருக்கிறது என்று. அருமையாக இருக்கிறது என்றேன். எதிரில் தலையை ஆட்ட நீ இல்லை. ஆனாலும் சொன்னேன். என் காலம் முட்டும் அவர் கேட்பார், நான் சொல்லுவேன். கவிதா என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கட்டும். நான் போகும் நாளில் அவள் வந்து அழுவாளோ மாட்டாளோ, தெரியவில்லை. அழாவிட்டால் ஊர் அவளைத்தான் பேசும் என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. பிரகாசிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்கும் அவன் வாயைத் திறக்கக்கூடாது என்று.